பிரேக் லைட் எரியாத மத்தியானம்

வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு "எரியுது", "எரியல" என்று சொல்வதுதான் நான் பார்த்த முதல் உத்தியோகம். பிற்பாடு இதே வேலையைப் புத்தகங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு செய்தேன். அதற்கு மதிப்புரை என்று பெயர், கொஞ்சம் மரியாதையும் உண்டு. ஆனால் முதல் உத்தியோகத்தில் என் சொல்லை நம்பி ஒருவர் வயரை மாற்றினார். இரண்டாவதில் இதுவரை யாரும் எதையும் மாற்றியதாகத் தகவல் இல்லை.

அந்த ஒருவர் என் அப்பா. நாங்கள் நைனா என்போம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாகச் சரக்கு ஏற்றிப்போகும் பிக்கப் வண்டி வைத்திருந்தார். ஏதோ ஒரு கம்பெனி வாசலில் ரிவர்ஸ் வந்த லாரி இடித்து, வண்டியின் பின்பக்க விளக்குகள் இரண்டும் நொறுங்கிப்போயின. புது விளக்குகளை வாங்கிவந்து மாட்டிய அன்றைக்குத்தான் அத்தையை ஊருக்கு அனுப்புவதாக இருந்தது.

அத்தை நைனாவுக்கு ஒரே தங்கை. ஆர்.கே.பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பொங்கல் கழிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. வந்தபோது இடது கையில் மாவுக்கட்டு. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அத்தை வீட்டில் கிணறே கிடையாது. லீவுக்குப் போனபோது தெருப்பம்பில் நானே தண்ணீர் அடித்திருக்கிறேன். இருந்தாலும் பெரியவர்கள் சொல்கிற கிணறு எங்கேயாவது இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

கட்டுப் பிரித்ததும் அத்தை ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். என்னோடு கண்ணாமூச்சி ஆடினால் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான் அழும்வரை வெளியே வரமாட்டார். ஆயுத பூஜை முடிந்த வாரம் மாமா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று தாத்தாவிடம் சொன்னார். தாத்தாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சமாதானத்துக்காக ஒரு பீரோவும் வாங்கினார். கை உடைந்தது அத்தைக்கு. பீரோ போனது மாமா வீட்டுக்கு. நைனா ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கே ஹாரன் அடித்து வழி வாங்குகிறவர்தான். தாத்தாவின் முன்னால் மட்டும் அவருக்கு ஹாரன் வேலை செய்யாது.

பீரோவையும் அத்தையின் துணி மூட்டையையும் மத்தியானமே ஏற்றியாயிற்று. விளக்குதான் தகராறு செய்தது. அத்தையை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து எதை அமுக்க வேண்டும், எதை மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நைனா பின்னால் வந்து வண்டிக்கடியில் படுத்துக்கொண்டார். நான் என் உத்தியோகத்தில் நின்றேன். அத்தை பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கியது. இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து ஜுரம் வந்ததுபோல மங்கலாக எரிந்தன. பழைய வயரின் நிறம் ஒன்று, புது வயரின் நிறம் வேறு. நைனா மாற்றி மாற்றி முறுக்கினார். நான் மாற்றி மாற்றிக் கத்தினேன்.

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருட்டுவதற்குள் ஊத்துக்கோட்டையைத் தாண்டிவிட வேண்டும், விளக்கு என்ன பெரிய விளக்கு, அப்படியே எடுக்கலாமே என்றார்.

"பின்னாடி லைட் இல்லாம ரோட்ல ஏத்த மாட்டேன் மாப்ள. செக்போஸ்ட்ல புட்ச்சா பேஜாரு" என்றார் நைனா, வண்டிக்கடியிலிருந்தே. அவர் மாமாவிடம் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் கோளாறு அகப்பட்டது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டிக்குப் பச்சை பெயின்ட் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். கழுவி, பெயின்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தால்தான் வண்டிக்குப் பூஜை. அந்த வருஷமும் நைனா பக்தியோடு பின்சட்டம் முழுக்கப் பூசியிருந்தார். புது விளக்கை அந்தப் பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கிவிட்டார். இரும்பில் இரும்பு படவில்லை; எர்த் கிடைக்கவில்லை. போகிற கரன்ட் திரும்பி வர வழியில்லாமல் கண்ட கண்ட பல்புக்குள் புகுந்திருக்கிறது. உப்புத்தாளை வைத்து நைனா பெயின்ட்டைத் தேய்த்தார். வருஷத்துக்கு ஒரு பூச்சாக அடித்த பச்சையெல்லாம் உதிர்ந்து, அடியில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. போல்ட்டைத் திரும்ப முடுக்கினார். இண்டிகேட்டர் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. பார்க்கிங் லைட்டும் எரிந்தது.

"பிரேக்க மிதி பாப்பா" என்று அத்தைக்குக் குரல் கொடுத்தார்.

எரியவில்லை.

"மிதிச்சிக்கினுதான் கீறேண்ணா" என்று அத்தையின் குரல் வந்தது.

நைனா டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். பிரேக் வயரில் கரன்ட்டே இல்லை. முன்பு மினுக்கிய அளவுகூட இல்லை. நன்றாக அழுத்தி மிதிக்கச் சொல்லும்படி என்னை அனுப்பினார். நான் ஓடிப்போய் ஃபுட்போர்டில் ஏறிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். அத்தை இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்துவைத்து, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு மட்டும் பெடலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நல்லா மிதிச்சிட்டேன்னு சொல்லு கண்ணு" என்றார், ரகசியமாக.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை ஒளிகிற இடமெல்லாம் எனக்குத் தெரியும்; இது புது இடம். காட்டிக்கொடுக்காமல் திரும்பி ஓடி, நல்லா மிதிச்சிட்டாங்களாம் என்றேன்.

நைனா பின்னாலிருந்து முன்னால்வரை வயரைத் தடவிக்கொண்டே போனார். அறுந்த இடம் இருக்கிறதா என்று வண்டியின் அடிச்சட்டத்து ஓரமாக ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றிப் பார்த்தார். வெயில் இறங்கி, பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதிற்று. மாமா எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, மச்சானுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று தாத்தாவிடம் கேட்டார். ஒருவேளை சுவிட்சே போயிருக்கும் என்று நைனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிரேக் சுவிட்ச் பெடலுக்கு மேலே இருக்கும். அவர் போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

பின்னால் நின்ற எனக்கு பீரோ மறைத்தது. விளையாட்டு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, இப்போது இரண்டு பேரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. கதவு திறந்தபடியே வெகுநேரம் இருந்தது. தாத்தா உள்ளேயிருந்து, இன்னாடா ஆச்சு என்று சத்தம் கொடுத்தார்.

"அண்ணா" என்று அத்தை ஒரு தடவை சொன்னது கேட்டது.

"நவுந்துக்கோ பாப்பா" என்றார் நைனா.

உள்ளேயிருந்து கதவு சாத்தப்பட்டது. உடனே இரண்டு பக்கமும் பிரேக் லைட் எரிந்தது. புது விளக்கு, அவ்வளவு சிவப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. என் கை, கவுன், தரையில் உதிர்ந்து கிடந்த பச்சைத் தூள் எல்லாம் சிவந்துபோயின. "எரியுது நைனா" என்று கத்தினேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

நான் எரியுது என்றதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவதுதான் எங்களுக்குள் வழக்கம். நைனா எடுக்கவில்லை; வண்டியையும் கிளப்பவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பீரோ மறைக்கிறது, அவருக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, "எரியுது, எரியுது" என்று இன்னும் பலமாகக் கத்தினேன்.