மாதையன் குடித்ததில்லை

போன வாரம் அரூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் குமார் போன் செய்தார். "நம்ம கண்டக்டர் மாதையன் போயிட்டாருங்க. டூட்டிக்குக் கெளம்பறப்ப நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவருதான்." பக்கத்தில் நின்ற பெண்வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். "அந்தக் குடிகாரப் பாட்டு கண்டக்டருங்களா? குடிச்சா அப்படித்தானுங்க ஆவும்" என்றார். அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் அவரை அப்படிப் பேசவைத்தவனே நான்தான்.

மாதையனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். அரூர்–பொம்மிடி தனியார் பஸ்ஸில் பல வருடம் கண்டக்டராக இருந்தவர். அருமையாகப் பாடுவார். டீயைத் தவிர வேறெதையும் அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பாட்டென்றால் உயிர். குடித்துவிட்டு நாயகன் தனியாகத் தெருவில் பாடிக்கொண்டே போவான். அந்தப் பாட்டுக்கு மரியாதை செய்வதாக, கையிலிருந்ததை வைத்து ஒரு வீடியோ எடுத்தோம். மூடுபனிக்குச் சாம்பிராணி. பேண்டு வாத்தியக்காரர் ஒருவரிடம் கோட்டு இரவல். கோட்டின் கை அவருக்கு நீளம் போதவில்லை. பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில், நிறுத்தியிருந்த பஸ்ஸின் மேல் ஏறி நின்று எடுத்தேன். தள்ளாடி நடக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். "குடிச்சவன் தள்ளாட மாட்டானுங்க தம்பி. தள்ளாடக் கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கால வெப்பான். சாயந்திர டிரிப்புல தெனமும் பாக்கறனே." பாடிக்கொண்டே அப்படியே நடந்தார். எதிர் டீக்கடைக்காரரே நம்பிவிட்டார்.

பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து நின்று, சிரித்துக் கும்பிட்டார். அதை வெட்டினேன். பாடி நடப்பதை மட்டும் முப்பது விநாடியாக்கி நெட்டில் போட்டேன். அதுதான் ஊரெல்லாம் ஓடியது. எனக்குக் கல்யாண ஆர்டர்கள் குவிந்தன. அவரிடம் பஸ் ஏறுகிறவன் எல்லாம், "இன்னைக்கு எத்தன குவாட்டருங்க?" என்று கேட்டான். பிடிக்காவிட்டால் பயணி இறங்கிப் போகலாம். கண்டக்டர் எங்கே இறங்குவார்? வீடியோவுக்குக் கீழே வந்த ஒவ்வொரு கிண்டலுக்கும் அவரே பதில் எழுதினார்: "வணக்கம். நான் குடிப்பதில்லை. இது நடிப்பு." அதற்கும் சிரித்தார்கள்.

அவர் மகள் செல்வியைப் பெண் பார்க்கச் சேலம் பக்கத்திலிருந்து வந்தார்கள். பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்து, வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவர் போனைக் காட்டினார். "இது நீங்கதானுங்களே?"

"நடிப்புங்க" என்றார் மாதையன்.

"இவ்ளோ நல்லா யாருங்க நடிப்பாங்க?" என்றார் வந்தவர். அதோடு சரி, மறுபடி வரவில்லை.

மறுநாள் மாதையன் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். "அத அழிச்சுடுங்க தம்பி. நல்லா நடிச்சது என் தப்புதானுங்க."

"அழிச்சுடறேண்ணா" என்றேன். முகூர்த்த சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை வந்து கேட்டார். அதற்கடுத்த முறை வந்தபோது அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சாவு வீட்டில் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தேன். "இப்பவே அழிச்சுடறேம்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுப் பாட்டு வெச்சிருக்கறீங்களா சித்தப்பா?"

இல்லை. மெமரி கார்டில் இடம் வேண்டும் என்று, ஏதோ ஒரு கல்யாணத்துக்காக எப்போதோ அழித்திருந்தேன். சொன்னேன்.

"அப்ப இத அழிக்காதீங்க. எங்கப்பா கொரலு வேற எதுலயுமே இல்ல. பொண்ணு பாக்க வர்றவங்க பாத்தாப் பாக்கட்டும்."

மாதையன் அழிக்கச் சொன்னதும் அந்த முப்பது விநாடியைத்தான், மகள் வைத்திருக்கச் சொல்வதும் அதைத்தான். அவர் நினைவாக என்னிடம் இருப்பதும் அது ஒன்றுதான். செல்வி தினமும் போட்டுக் கேட்கிறாளாம். எனக்கு அதைத் திறக்கக் கை வரவில்லை.