கல்யாணக் கவரில் போன நண்டுவளை

சிற்றிதழில் ஒருவருக்கு ஆசிரியர் என்று பெயர் போட்டிருந்தால், மூட்டை தூக்குபவரும் அவரேதான் என்று அர்த்தம். நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இதழ் தவறினால் அப்புறம் அது எழுந்திருக்காது என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தில்தான் முதல் ஊரடங்கின்போது, செங்கல்பட்டில் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி, எங்கள் 'நண்டுவளை'க்குத் தொற்றுக்காலச் சிறப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டேன்.

காலி ரோடு

ஒரே வாரத்தில் பதினேழு கவிதைகள் வந்தன. பதினேழிலும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பதினான்கில் ஒரு நாய் குறுக்கே போனது.

அவற்றில் ஒன்று ஏழுமலையுடையது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். போன் போட்டு, "ஏழுமலை, உங்களுக்கென்று வேறு அனுபவமே இல்லையா?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எனக்கு ஏது சார் ஊரடங்கு? டெய்லி வேலைக்குப் போய்கினுதான் கீறேன். காலி ரோடு இல்லன்னா நீங்க எடுத்துக்க மாட்டீங்கோன்னு நெனச்சிட்டேன்."

பத்தொன்பது குரல்கள்

கோவளத்து ஜமீலா தையல்காரர். அதுவரை கதை எழுதியதில்லை. இரவு பகலாக முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்ததால் பேனா பிடிக்க நேரமில்லை. மெஷினை மிதித்தபடியே பத்தொன்பது குரல் செய்திகளாகக் கதையைச் சொல்லி அனுப்பிவிட்டார். தொற்று என்று தகரம் அடித்து அடைத்த தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கைக்குச் சோறு கொடுக்கத் தவிக்கும் அக்காவின் கதை. கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். அக்கா தகரத்தில் கைவைத்து அழும் இடத்தில், திடீரென்று ஓர் ஆண்குரல், "புளிய எங்க வெச்ச?" என்கிறது. அடடா, என்ன நவீன உத்தி என்று வியந்து அதையும் அடித்தேன்.

பிழை பார்க்க அனுப்பியதும் போன் வந்தது. கதை அச்சில்தான் வர வேண்டும் என்று கறாராகச் சொன்னார். அவர் கணவர் கலீல், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், 'போன்கூடப் பேசிட்டா கதையா? புக்குல காட்டு, அப்பால நம்பறேன்' என்று தினமும் சீண்டிக்கொண்டிருந்தாராம். கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கடைசியில் புளி விஷயத்துக்கு வந்தார்: "அது கதையில்ல சார், எங்க வூட்டுக்காரரு. ரசம் வெச்சிகினு இருந்தாரு. நல்லா கீதுன்னா இருக்கட்டும்."

மயில் கவர்

வாக்குக் கொடுத்தாயிற்று, அச்சகம் எங்கே? தளர்வு வந்ததும் ஸ்கூட்டரில் கருங்குழிக்கு ஓடினேன். அங்கே அச்சகம் வைத்திருக்கும் செல்வம், தள்ளிப்போன கல்யாணங்களின் அட்டைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பேப்பர் கடைகள் இன்னும் திறக்கவில்லை. இதழுக்கு மேலட்டை இல்லை, அனுப்பக் கவர் இல்லை. இதழ் நின்றுபோகும் என்றே நினைத்தேன். ஜமீலாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

செல்வம் எழுந்துபோய் ரோஸ் நிற அட்டைக் கட்டையும், தங்க மயில் போட்ட கவர்களையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இத வெச்சி முடிச்சிடு அண்ணாத்த. இந்த வருசம் என் ப்ரெஸ்ல ஒரு முகூர்த்தமாவது நடந்த மாதிரி இருக்கட்டும்."

தடுப்பில் ஒரு வாசகி

அச்சான இதழ்களை மயில் கவர்களில் போட்டு, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கோவளத்துக்குக் கிளம்பினேன். மாமல்லபுரம் தாண்டியதும் ஈசிஆர் ரோட்டில் தடுப்பு. பெண் காவலர் ஒருவர் மயில் கவர்களைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அம்பது பேருக்கு மேல கூடாதுன்னு தெரியாதா? மூட்டையா கொண்டும்போறீங்க." கல்யாணமே இல்லை, எல்லாம் கதை கவிதை என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு கவரைப் பிரித்து, வெயிலில் நின்றபடியே படித்தார். சிரித்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார். "ரோடு காலின்னு எவன் சார் எழுதனது? காத்தாலேருந்து எம்மாம் வண்டிய திருப்பி அனுப்பிகினு கீறேன், அவன வந்து பாக்கச் சொல்லு."

புளி

கோவளத்தில் ஜமீலா தெருமுனைக்கே வந்து நின்றார். இதழை வாங்கியதும் தன் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். கலீல் எட்டி வாங்கி, ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்று கதை முழுவதையும் படித்தார். நடுவில் ஓரிடத்தில் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதைதான், ஒத்துக்கறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "தெருவே படிச்சிட்சி சார். எல்லாரும் என்னப் பாத்து 'புளி கெடச்சிதா'ன்னு கேக்கறானுங்க. அடுத்த கதைக்கு முன்னாடியே சொல்லுங்க, கொஞ்சம் யோசிச்சிப் பேசறேன்."

ஊரே வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் திறந்துவிட்ட வாய்கள் இன்னும் மூடவில்லை என்பதற்கு, தன் கதை என்று சொல்லிக் கலீல் அனுப்பி, என் போனில் இன்னும் கேட்கப்படாமல் கிடக்கும் நாற்பத்திரண்டு குரல் செய்திகளே சாட்சி.