பந்தலுக்கடியில் வளைந்த முதுகு

சுருளிப்பட்டி முத்துப்பேச்சிக்கு இருபத்திரண்டு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வாரத்தில் ஆறு நாள் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று, கொத்தில் நெருங்கிக் காய்த்த பிஞ்சுகளைக் கிள்ளி எறியும் கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமை தேனிக்குப் பஸ் ஏறிப்போய்க் காலில் சக்கரம் மாட்டிச் சுழலும் ஸ்கேட்டிங். ஊர் சிரித்தது. அந்த ஊருக்குச் சிரிப்பதைத் தவிர வேறென்ன தெரியும்?

மதுரையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அவள் பெயர் வரவேண்டும். அதற்கு முதுகைப் பின்னால் வில்லாக வளைத்தபடியே எட்டுச் சுற்றுச் சுழல வேண்டும். லேபேக் என்பார்கள். இவளுக்கோ நாலாவது சுற்றிலேயே தலை கிறுகிறுத்துவிடும்.

பயிற்சியாளர் ஜோயல் இருக்கிறாரே, தன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தால் தொப்பை குறுக்கே வந்து நிற்கும். அந்த மனிதர் அடுத்தவர் முதுகை வளைக்க வந்துவிட்டார்! தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். அவருடைய வித்தை அத்தனையும் அதுதான்.

"கூலி வேலை பாத்த ஒடம்பு, இரும்பாப் போச்சு. வளையாதும்மா," என்றார்.

"வளையாமத்தான் தெனம் எட்டு மணிநேரம் அண்ணாந்து நிக்கிறனா சார்?"

கேட்டுவிட்டாளே தவிர, மறுநாள் பந்தலில் அவளுக்கே உறைத்தது. பிஞ்சைத் தேடிக் கழுத்தை மட்டும் பின்னால் முறித்து நின்றிருந்தாள். நெஞ்சும் இடுப்பும் மரக்கட்டை. சுழலும்போதும் அதே கழுத்துதான் சாய்ந்தது. பிறகு கிறுகிறுக்காமல் என்ன செய்யும்? ஒரு வருஷமாக விசில் ஊதிய மனிதர் கண்ணில் இது படவே இல்லை. தானாக முளைத்து வருகிறவர்களுக்குக் கண்ணும் தானாகத்தான் திறக்கிறது.

அன்றிலிருந்து உடம்பு சூடேறும்வரை பொறுத்திருந்து, இடுப்பை முன்தள்ளி, நெஞ்சை மேலே தூக்கி, தோளை விரித்துப் பிஞ்சுகளைக் கிள்ளினாள். வலித்தால் நிமிர்ந்துகொள்வாள்.

"ஏ ஆத்தா, வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிற, மாசமா இருக்கியா?" என்றாள் பக்கத்து வரிசை சுப்புத்தாய்.

"ஆமாக்கா. பெறப்போறது எட்டுச் சுத்து."

இரண்டு மாதம் கழித்து மதுரையில் பத்துச் சுற்றுச் சுழன்று நின்றாள். பட்டியலில் பெயர் வந்தது.

ஜோயல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தீகளா? நான் இழுத்து வளச்ச முதுகு!"

முத்துப்பேச்சியின் நம்பர் அட்டை அவர் காலடியில் விழுந்து கிடந்தது.

"சார், அதக் கொஞ்சம் குனிஞ்சு எடுத்துக் குடுங்க."

அவர் குனிந்தார். கை முழங்காலோடு நின்றுபோனது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் வந்து, முழங்கால் மடங்காமல் குனிந்து, அட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.