ப்ளக் பாயிண்ட் வாசகர்கள்

கல்லூரி நூலகர் வேலைக்கு நூலக அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. வயரிங் தெரிந்தால் போதும். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருசமாக உட்கார்ந்து நான் கண்ட ஞானம் இது. என்னைப் போல மாட்டிக்கொண்ட சக நூலகர்களே, உங்களுக்கும் தலை தானாக ஆடுமே!

முந்நூறு பக்கம்

தச்சநல்லூர் முத்துக்குமார், பொருளியல் இரண்டாம் வருசம். ஒருநாள் முந்நூறு பக்கப் புத்தகத்தை முதலிலிருந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் அவன் விரல் நிழல் வேறு. "ஏலே, கையெழுத்துப் போட்டுட்டுப் புத்தகத்தையே கொண்டு போயேம்லே" என்றேன். பரிதாபமாகப் பார்த்தான்.

"புத்தகம்னா படிச்சுட்டுத் திருப்பித் தரணும் சார். இது அது பாட்டுக்குப் போன்ல கிடக்கும்லா."

கம்ப்யூட்டர் எதற்கு?

செல்வி எம்.ஏ. கடைசி வருசம். களக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற பிள்ளை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ப்ராஜெக்டைக் கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று துறையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை பார்க்கிறேன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு கடைசி அத்தியாயத்தைப் போனில் கட்டை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள்! "ஏம்மா, அப்போ இங்கன எதுக்கு உக்காந்திருக்க?" என்றேன்.

"இந்த சீட்டுக்கு மேலதான் சார் ஃபேன் ஓடுது."

நாலு மணிக்குள்

நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். உபதேசம் பண்ணி அவளைக் கம்ப்யூட்டரில் அடிக்க வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு முத்துக்குமார் பைய வந்தான். சார்ஜர் செருக இடமில்லை என்று ஏதோ ஒரு ப்ளக்கை உருவினான். செல்வியின் திரை கறுத்தது. "சேவ் பண்ணினியாம்மா?" என்றேன். "போன்ல அதுவே சேவ் ஆயிரும்லா சார்..." என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, நான்தானே அவளைப் போனைக் கீழே வைக்கச் சொன்னேன்.

முத்துக்குமாரைப் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் கையால் எழுதி வைத்திருந்த நோட்டை அவன் வாசிக்க, அவள் அடிக்க, பத்து நிமிசத்துக்கு ஒருதரம் "சேவ் பண்ணு" என்று நான் கத்த, மூன்று நாற்பதுக்குப் பிரிண்ட் வந்தது. ஓடிப்போய்க் கொடுத்துவிட்டுச் சிரிப்பும் கண்ணீருமாகத் திரும்பி வந்தாள். "தப்பு எம்மேலதான்க்கா" என்று முத்துக்குமார் நெளிந்தான். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. என் மேசைக்கு அடியில் குனிந்து, என் கம்ப்யூட்டர் ப்ளக்கில் கை வைத்திருந்தாள்.

"போன் செத்துட்டு சார். அம்மாட்ட சொல்லணும், இதை ஒரு நிமிசம் உருவிக்கிடட்டுமா?"

அன்றைக்குக் காலையிலிருந்து நான் அடித்த புத்தகப் பட்டியல் முழுக்க அதில்தான் இருந்தது; சேவ் பண்ணியிருந்தேனா என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.