மாடியில் நின்ற சிப்பாய்

எங்கள் தெருவில் வியாபாரம் செழித்தவர்கள் எல்லாரும் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் பொம்மை செய்து வைத்திருந்தார்கள். சிங்கம், கிளி, குடை பிடித்த வெள்ளைக்காரி என்று வீட்டுக்கொரு சுதை. மலைக்கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள்கூட அந்த வெள்ளைக்காரி முன் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். என் மாமனார் கட்டிய வீட்டின் உச்சி மட்டும் வெறுமையாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனவர். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு சேதியே இல்லை. அவருடன் இருந்து, கடைசிக் கப்பலில் தப்பி வந்த பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "குண்டு வுழுந்த எடத்துலதான் இருந்தாரு. அப்பறம் நான் பாக்கலீங்க" என்றார்.

மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமியார் அழவில்லை.

"பொணத்தப் பாத்தியா நீ? பாக்கல இல்ல? அப்ப எம்மருமவ தாலிமேல யாரும் கை வெக்கக் கூடாது" என்றாள்.

அதன் பிறகுதான் மாமனார் கொத்தனாரை அழைத்து வந்தார். மேலே சாக்குத் தட்டி கட்டி வேலை நடந்தது. சிங்கம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

தட்டியைப் பிரித்த காலையில் நான் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் என் புருஷன் நின்றிருந்தார். காக்கி உடுப்பு, தோளில் துப்பாக்கி. கல்யாணப் போட்டோவில் இருப்பதுபோலவே ஒரு புருவம் கொஞ்சம் தூக்கி. குடம் எப்போது விழுந்ததென்று தெரியாது.

"உசுரோட இருக்கறவன கல்லா நிக்க வெச்சிட்டியே!" என்று மாமியார் மாமனாரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

அதைவிடக் கொடுமை பிறகு வந்தது. ஒருநாள் யாரோ வாசலில், அந்தச் சிலைக்கு நேர் கீழே கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். காலால் தேய்த்து அணைத்தேன். உள்ளங்கால் வெந்துபோனது.

சண்டை முடிந்த மறு வருஷம், ஒரு மத்தியானம், ஜட்கா வந்து நின்றது. எலும்பும் தோலுமாக ஓர் ஆள் இறங்கினார். வாசலில் இருந்த என்னைப் பார்க்கவில்லை. மேலேயே பார்த்தார்.

"யாரு இது?" என்றார்.

குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. "நீங்கதாங்க" என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் ஓடி வந்து மகன் காலடியில் விழப்போனார். "கெட்டது நெனச்சி வெக்கலடா. தெருவுல போறவங்க உன்ன மறந்துடக் கூடாதுன்னுதான்..."

"இட்ச்சிடு நைனா."

கொத்தனார் மாட்டேன் என்றார். உயிரோடிருக்கும் ஆளின் உருவத்தில் உளி வைக்க அவருக்குப் பயம். மாமியாருக்கும் திடீரென்று அதே பயம் வந்துவிட்டது. "இருக்கட்டும்டா, இடிச்சா உனக்கு இன்னா ஆவுமோ" என்று மகனைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கேட்கவில்லை. சுத்தியலோடு மாடி ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். முதலில் துப்பாக்கியை உடைத்தார். முகத்துக்கு வந்ததும் கை ஓங்கியபடி நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னால முடியல. நீ அடி" என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கி ஓங்கி அடித்தேன். மூக்கு பெயர்ந்து தெருவில் விழுந்தது. கீழே மாமியார் வீறிட்டாள். பக்கத்தில் நின்றவர் சட்டென்று தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"இல்ல, அடி" என்றார்.

கழுத்து முறியும்வரை அடித்தேன்.