தரை காயும் வரை

தரை துடைப்பது கஷ்டமான வேலையே இல்லை. துடைத்த தரை காயும் வரை யாரையும் அதில் நடக்கவிடாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். நீங்களும் வீட்டில் மாப்புக் குச்சி பிடிப்பவராக இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். பிடிக்காதவராக இருந்தால், குறுக்கே நடந்து போகிற ஆள் நீங்கள்தான்.

நான் இந்த மலையில் குண்டூர் நாட்டுக்காரி. காலை பஸ்ஸில் செம்மேட்டுக்கு வந்து இரண்டு வீடுகளில் வேலை செய்கிறேன். ஒன்று வாத்தியார் வீடு, இன்னொன்று டிரைவர் ஐயா வீடு. ஐயா ரிட்டயர் ஆகும் வரை இந்த மலைக்கு பஸ் ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு கைத்தடியோடு தனியாக இருக்கிறார். போன வருஷம் ஹாலில் வழுக்கி விழுந்தார். சேலத்திலிருந்து மகள் மாலதி ஓடி வந்து, இன்னொரு தடவை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். ஐயாவுக்கு மலையை விட்டு இறங்கவே இஷ்டமில்லை. நான் துடைத்த தரையால் அவர் இறங்கக்கூடாது என்று நானும் பிடிவாதமாக இருந்தேன்.

பலாப்பிசின்

ஆனி மாதம் இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் பலாப்பழம்தான். அறுக்கும்போது சொட்டுகிற பிசின் தரையில் ஒட்டினால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். மலையில் இது எல்லோருக்கும் தெரியும். ஐயாவுக்கும் தெரியும் என்பதுதான் வினையாகப் போயிற்று. ஒரு நாள் நான் வருவதற்குள் ஒரு பழத்தை அறுத்து முடித்து, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தரையில் ஊற்றி ஊற வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கதவைத் திறந்து கால் வைத்தவள் பக்கெட்டோடு மல்லாந்தேன். பழைய துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்து, சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை துடைத்து முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இந்த ஊட்டுல ஆளு விழுந்தாங்கன்னு எம்மகளுக்குத் தெரிய வேண்டாம் கண்ணு."

நுனிக்கால்

வாத்தியார் தங்கமான மனிதர். ஆனால் நான் துடைக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு உள்ளே இருக்கும் சார்ஜரும் வெளியே கிடக்கும் பேப்பரும் ஞாபகத்துக்கு வரும். முதலில் மண் இல்லாமல் கூட்டி, உள் மூலையில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நகர்ந்து வந்து வாசலில் முடிப்பது என் வழக்கம். முடித்துவிட்டு நிமிர்ந்தால் நடு ஹாலில் தடம் இருக்கும். கேட்டால், நுனிக்காலில்தானே போனேன் என்பார். நுனிக்காலில் போனால் நடந்ததாகக் கணக்கில்லை என்று ஆண்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. உங்கள் வீட்டிலும் இதே சட்டம்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் நாற்காலியைக் குறுக்கே போட்டுப் பார்த்தேன். அதையும் தாண்டிப் போனார், நுனிக்காலில். பொறுக்க முடியாமல் அவர் மனைவியிடம் போய் முறையிட்டேன். அந்தம்மா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை. "கல்யாணமான நாள்ல இருந்து நானே சொல்லீட்டுத்தான் இருக்கறன், நீங்க இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கறீங்க."

பனி

துடைத்ததும் ஜன்னலையெல்லாம் திறந்துவிடுங்கள், காற்றில் காய்ந்துவிடும் என்று மாலதி போனில் சொல்லியிருந்தாள். சேலத்தில் காயும். ஆடி மாதம் இங்கே ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது பனிமூட்டம். ஐயா வீட்டில் அன்றைக்குப் பிழிந்து பிழிந்து துடைத்தும் ஈரம் போகவில்லை. பினாயில் கூடிப்போனதோ என்று வெறும் தண்ணீரில் துடைத்தேன். மாப்பு சரியில்லையோ என்று மண்டி போட்டுக் கையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க டைல்ஸ் மறுபடி வேர்த்தது. ஐயா பாத்ரூமுக்கு எழுந்திருக்கிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்து, பனி இறங்கும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றார். சாத்திவிட்டு ஃபேனைப் போட்டு, காய்ந்த துணியால் ஒரு முறை ஒற்றினேன். தரை வழிக்கு வந்தது. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கோபமாகவே கேட்டேன். "நீ அத்தன வைராக்கியமாத் தொடைக்கறப்ப, குறுக்க பேசப் பயமா இருந்துச்சு கண்ணு."

சிவப்புத் துணி

பேசத்தான் பயமே தவிர, நடக்க அவருக்கு ஒரு பயமும் கிடையாது. ஹாலை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, பாதியைத் துடைத்துக் காயவிட்டுத்தான் மறுபாதியைத் தொடுவேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் எப்போதும் ஒரு காய்ந்த வழி இருக்கும். அதை விட்டுவிட்டு ஈரத்திலேதான் தடியை ஊன்றுவார். கேட்டால், சொந்த வீட்டில் எந்தப் பக்கம் நடப்பதென்று இன்னொருத்தர் சொல்ல வேண்டுமா என்பார்.

ஒரு நாள் நான் வந்த பஸ் வழியில் நின்றது. ரோட்டில் பாதியை அடைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் சிவப்புக் கொடியைத் தூக்கிக் காட்ட, எங்கள் டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். எனக்குப் பொறி தட்டியது. அன்றைக்கு ஈரப் பாதியில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் என் பழைய சிவப்புச் சேலைத் துண்டைத் தொங்கவிட்டேன். ஐயா தடியோடு வந்தார், பார்த்தார், நின்றார். பிறகு சுவரோரமாகக் காய்ந்த பக்கத்தில் போனார். திரும்பி வரும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. "செகப்பக் கண்டா காலு தானா பிரேக்குக்குப் போயிருது, நான் என்ன பண்ணட்டும்?"

மாலதி வந்த நாள்

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலதி சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினாள். கையில் இரண்டு பெரிய காலிப் பைகள். மழைக்காலம் வருகிறது, இனிமேல் விழும் வரை காத்திருக்க முடியாது, இன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்றாள். ஐயா கட்டிலில் ஏறிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் அப்போதுதான் ஹாலில் ஒரு பாதியை வாசல் வரை துடைத்து முடித்திருந்தேன். மாலதி ஈரத்திலேயே உள்ளே வரப் பார்த்தாள். தரை காயட்டும், அங்கேயே நில் என்றார் ஐயா. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று பேரும் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு ஐயா தடியை எடுத்தார். காய்ந்த பக்கமாக, அவசரமில்லாமல், ஒவ்வோர் அடியாக வைத்து வாசல் வரைக்கும் நடந்து வந்து மகளை உள்ளே கூப்பிட்டார். அவர் வந்து சேரும் வரைக்கும் நான் மாப்புக் குச்சியைக் கீழே வைக்கவில்லை. மாலதி சாயங்காலம் வரை இருந்தாள். பைகளை மடித்துக் காரில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "எங்கம்மா சொல்லியும் ஒரு எடத்துல நிக்காத மனுசனுங்க்கா இவரு, இன்னிக்கு ஈரம் பாத்து நடக்கறாரு. ஐப்பசி மழ முடியட்டும், அப்பறமா யோசிச்சுக்கறேன்."

ஐப்பசி மழை பெய்கிறது, நானும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் பரிசு என்று ஒன்று உண்டென்றால், இன்றைக்கும் யாரும் விழவில்லை என்பதுதான் அது.