கைக்கு அடக்கமான கிண்ணம்

கிண்ணம் விற்கிறவளுக்கு வெற்றி தோல்வி கிடையாது. சின்னதா, பெரிசா என்கிற வழக்கு மட்டும்தான் உண்டு. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வெற்றிக்கிண்ணம் விற்று, விளையாட்டு உடுப்பில் பெயர் அடித்துக் கொடுக்கிற கடையில் பல வருஷமாக நிற்கிறேன். வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

பாரம் தூக்கேலாது

பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். 2009இல் ஊரில் யுத்தம்; போட்டி இல்லை. பிள்ளைகள் பதாகையோடு தெருவில் நின்றார்கள்; நாங்களும் கடையைப் பூட்டிவிட்டு நின்றோம். அடுத்த வருஷம் பெண் பிள்ளைகள், “தெருவில நிக்க நாங்கள் வேணும், மைதானத்தில வேண்டாமோ?” என்று கேட்டு அணி சேர்ந்தார்கள்.

போட்டிக்குழுத் தலைவர் அண்ணை கிண்ணம் எடுக்க வந்தார். ஆண்களுக்கு இடுப்பளவு உயரத்தில் ஒன்று. பெண்களுக்கு, பிறந்தநாள் வீட்டில் சங்கீதக் கதிரை விளையாட்டுக்குக் கொடுக்கிற அளவில் ஒன்று. இரண்டு பகுதியும் ஒரே பந்தைத்தானே அடிக்கிறது என்று கேட்டேன். “பொம்பிளைப் பிள்ளையள், பாரம் தூக்கேலாது. கைக்கு அடக்கமா ஒண்டைத் தாங்கோ, தங்கச்சி.”

பெயர் வேண்டாம்

புறநகர் செவ்ரானிலிருந்து ஒரு தாய் மகளின் ஜேர்சியோடு வந்தார். முதுகில் அடித்த பெயரை எடுத்துவிட வேண்டுமாம். காற்சட்டையோடு ஓடுகிற படம் முகநூலில் வந்தால் சொந்தக்காரர் வாயை யார் மூடுவது என்றார். சூடு காட்டி உரித்துக் கொடுத்தேன். மகள் வெறும் நம்பரோடு விளையாடினாள்.

அடுத்த வருஷம் அதே தாய் கொதித்துக்கொண்டு வந்தார். மகள் அடித்த கோலின் படத்தைப் பார்த்துவிட்டு, சனம் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெட்டையைப் பாராட்டியதாம். “கோல் அடிச்சது என்ரை பிள்ளை, கேக் வெட்டினது அவையின்ரை வீட்டிலை! பேரைப் போடுங்கோ, தூரத்திலை நிண்டாலும் தெரியோணும்!”

அரைவாசி

ஒருமுறை ஆண்களின் ஆட்டத்தில் அடிபிடி வந்து நேரம் இழுத்துவிட்டது. மைதானத்தைச் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாருடைய ஆட்டத்தில் வெட்டினார்கள் என்று கேட்கவா வேண்டும்? பெண்களின் இறுதியாட்டத்தை இடைவேளையோடு முடித்து, கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வென்ற அணியின் தலைவி துஷாந்தி சட்டம் படிக்கிறவள். திங்கட்கிழமை வந்து கிண்ணத்தை என் மேசையில் வைத்தாள். பெயர் ஏதும் பிழையா என்று பதறினேன். “இல்லை அக்கா. இதை அரைவாசியா வெட்ட ஏலுமே? அவை தந்தது அரைவாசி ஆட்டம்தானே. மிச்சத்தைத் தலைவரிட்டையே குடுப்பம்.”

பாப்பம்

ஆண்களின் அந்த இடுப்பளவுக் கிண்ணம் சுழற்கிண்ணம். வென்றவர்கள் ஒரு வருஷம் வைத்திருந்து, அடுத்த போட்டிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அடிப்பலகையில் வருஷத்துக்கொரு தகடு, அதில் வென்ற அணியின் பெயர். பெண்களுக்கும் அப்படி ஒன்று செய்வோமா என்று தலைவரிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “சுழற்கிண்ணம் வைச்சால் அடுத்த வருஷமும் நடத்தோணும், தங்கச்சி. பாப்பம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் இந்தப் பிள்ளைகளின் போட்டி இவருடைய ஒரு ‘பாப்பம்’ என்ற சொல்லில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது! வியாபார தர்மம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று அன்றைக்கே துஷாந்திக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: “கடையில இருக்கிறதிலேயே பெரிய கிண்ணத்தை எடுத்து வையுங்கோ, அக்கா.”

வெறுந்தகடு

அவள் தனியே வரவில்லை. இறுதியாட்டத்தில் அவளோடு மோதப்போகிற ஆர்ஜொந்தெய் அணியின் தலைவியையும் கூட்டி வந்தாள். இரண்டு அணியும் சேர்ந்து காசு போட்டு எடுத்த கிண்ணம் அது. நடந்து முடிந்த வருஷங்களுக்கு வென்றவர்களின் பெயரைப் பொறித்தேன். மிச்சத் தகடுகள் எல்லாம் வெறுமையாகவே இருந்தன.

இறுதியாட்டத்தன்று நானே அதைக் கொண்டுபோய் ஆண்களின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். உயரம் அதைவிட அரைச் சாண் கூட. ஒலிபெருக்கியில் ‘பெண்கள் சுழற்கிண்ணம்’ என்று அறிவித்தும் ஆயிற்று. தலைவர் அதை எங்கே ஒளிப்பார்? இம்முறை முழு ஆட்டமும் நடந்தது. துஷாந்தியின் அணி தோற்றுப்போனது. எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. கிண்ணத்தைக் கையளிக்கத் தூக்கிய தலைவர், பாரத்தில் ஒருமுறை தள்ளாடி, அடிப்பலகையைப் பார்த்து, இவ்வளவு வெறுந்தகடு என்னத்துக்கு என்று கேட்டார். முழங்காலில் சேற்றோடு நின்ற துஷாந்தி, தோற்றவள், ஆர்ஜொந்தெய்க்காரிகளைக் காட்டிச் சொன்னாள்: “அடுத்த வருஷம் இதை இவையிட்டை இருந்து பறிக்கோணும், அண்ணை. நாளைக் குறியுங்கோ!”

இப்போது வருஷா வருஷம் தலைவர் அண்ணையே தகட்டில் பெயர் பொறிப்பிக்க வருகிறார். கைக்கு அடக்கமான கிண்ணங்களை நான் சங்கீதக் கதிரைக்கு விற்றுத் தீர்த்துவிட்டேன்.